ஆயிரம் மெகாபிட் லைனும் நூறு மெகாபிட் வாசலும்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்த பிறகே எங்கள் வீட்டில் எதுவும் தொடங்கும். சென்ற ஆண்டு ஃபைபர் இணைப்பு எடுத்தபோதும் உடைத்தோம். மகள் வீட்டிலிருந்தபடியே சென்னை ஸ்டூடியோ ஒன்றுக்குப் படத்தொகுப்பு செய்கிறாள். ஒவ்வோர் இரவும் ஐம்பது கிகாபைட் அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த வேலை வேறொருவருக்கு. ஆகவே விநாடிக்கு ஆயிரம் மெகாபிட் திட்டத்துக்கே பணம் கட்டினேன்.

ரவுட்டர் வாங்கியதும் நானே. நான்கு ஆன்டெனா, பெட்டியின் மேல் 'ஏசி 1200'. ஆயிரத்தைவிட அதிகமாயிற்றே என்று மகிழ்ந்தேன்! அளந்து பார்த்தால் 94-க்கு மேல் ஏறவில்லை. இணைப்புக்காரர்களிடம் சத்தம் போட்டேன். வந்த பையன் ரவுட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேரே ஃபைபர் பெட்டியில் செருகினான். 940! "லைனில் குழப்பமில்லை, சாரே" என்றான். முப்பது வருடம் ரயில்வேயில் என்ஜினீயராக இருந்தவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ரவுட்டரின் பின்பக்கத்துப் போர்ட் நூறு மெகாபிட்டுக்கு மேல் தாங்காதது. முன்பு கொல்லம் வரை அகலப் பாதை, அதற்கப்பால் செங்கோட்டைக்கு மீட்டர் கேஜ். மூட்டை முடிச்சுகளோடு வண்டி மாறியதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018-இல்தான் அந்த வழி முழுதும் அகலமாயிற்று. என் வீட்டுக்குள்ளேயே ஒரு கொல்லம்! அந்த 1200-ம் ஒரு கூட்டுக்கணக்குதான்: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, ஐந்து கிகாஹெர்ட்ஸில் 867. ஒரு கைப்பேசிக்கு ஏதாவது ஒன்றே கிடைக்கும், அதுவும் ஏட்டளவில்.

ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஐம்பது கிகாபைட் போக 94 வேகத்தில் எழுபது நிமிடம். 940-இல் ஏழெட்டு நிமிடம்.

இரண்டாம் முறை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். எல்லாப் போர்ட்டும் கிகாபிட்தானா என்று படித்துப் பார்த்து, வைஃபை 6 உள்ளதாக வாங்கினேன். ஆன்டெனாக்களை எண்ணவில்லை. ஆனால் எங்களுடையது பழைய வெட்டுக்கல் சுவர். ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறது. 2.4 தாண்டும், வேகம் இராது. மகள் அறைக்கு மட்டும் கேட் 6 கேபிள் இழுத்தேன். கேட் 5ஈ-யே நூறு மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். என் கை சும்மா இருக்கவில்லை.

2023 ஜூன் 5-இல் தொடங்கிய அரசின் கே-ஃபோனோ தனியாருடையதோ, யாருடைய ஃபைபர் வந்தாலும் முதலில் போர்ட்டைப் பாருங்கள்.

நான்கு கொம்பு ரவுட்டர் இப்போது பரணில் இருக்கிறது. விலையை மட்டும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.