இருபது வயது வேகன்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

ஸ்டேஷன் வேகன் என்றால் கூரை பின்கதவு வரை நீண்டிருக்கும் கார். பின்சீட்டை மடக்கினால் பாதி வண்டி சரக்கு வைக்கிற இடமாகிவிடும். டாடா நிறுவனம் 1992-ல் எஸ்டேட், 2004-ல் இண்டிகோ மரீனா என்று இந்த வகை வண்டிகளைக் கொண்டுவந்தது. 2006-ல் பதிவான மரீனா டீசல் வண்டி ஒன்று சுரண்டையில் என் தோட்டத்து வேலையை இன்னும் பார்க்கிறது. இன்றைக்குப் புண்ணாக்கு மூட்டை, நாளைக்குக் குடும்பத்தோடு குற்றாலம்.

இப்போது அதற்கு 20 வயது. "வித்துடுங்க" என்கிறார்கள் வீட்டில். கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் உள்ள பத்து வருட டீசல் தடை நம் ஊருக்குக் கிடையாது. புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 2,000. பசுமை வரி, இன்சூரன்ஸ் தனி. கெடு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25 கொடுக்கலாம். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல்.

இந்தச் செலவோடு ஒரு வருட ரிப்பேர் செலவையும் கூட்டுங்கள். அதே நடைகளுக்கு லோடு ஆட்டோ வாடகை எவ்வளவு ஆகியிருக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். எது குறைவு என்று நோட்டே சொல்லிவிடும்.

இனி பராமரிப்பு. மரீனாவின் இன்ஜின், இண்டிகா குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் இன்ஜின் சாமான் தேடிப் பிடித்துவிடலாம். பின்கதவு, பின்பக்கக் கண்ணாடி, பின்விளக்கு மட்டும் மரீனாவுக்கே உரியவை. அவற்றைத்தான் பத்திரமாகப் பார்க்கணும். டைமிங் பெல்ட்டை அறுகிற வரைக்கும் விடாதீர்கள். அறுந்தால் வால்வு வளைந்து, இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கோமியத்தில் உப்பு இருக்கிறது. டிக்கியில் சிந்தி, விரிப்புக்கு அடியில் நின்றால் தகரம் துருப்பிடிக்கும். கேனுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். சிந்தினால் அன்றைக்கே கழுவிக் காய விடுங்கள். ஜீவாமிர்தத்தை முக்கால் கேனுக்கு மேல் ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து கேன் வெடிக்கும். துணி கட்டிக் கொண்டுபோனால் போதும். சாரல் காலம் முடிந்ததும் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பாருங்கள்.

தரைத் தகரமும் சேஸும் அரித்துப்போயிருந்தால் யோசிக்க வேண்டாம், கழித்துவிடுங்கள். வீட்டார் உட்காருகிற வண்டி அது. அடிப்பாகம் உறுதியாக இருந்து, பிரேக் சரியாகப் பிடித்து, நோட்டுக் கணக்கும் ஒத்துவந்தால் இன்னொரு ஐந்து வருடம் தாராளமாக ஓட்டலாம். என் வண்டியின் அடிப்பாகம் உறுதியாக இருக்கிறது. நான் படிவம் வாங்கிவிட்டேன்.