சம்பளப் பட்டியலின் சாவி



1936ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுவையில் மறக்கவொண்ணாத நாள். சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டது; பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டில், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று.

ஆயினும், உரிமை சட்ட நூலில் ஏறிவிட்டால் மட்டும் போதுமா? அது மாதந்தோறும் மெய்ப்பட வேண்டிய இடம் சம்பளப் பட்டியலே ஆகும். எட்டு மணிக்குமேல் உழைத்த ஒரு மணி நேரம் ஏட்டில் ஏறாவிடின், அதற்குரிய கூலியும் கைக்கு வாராது. ஆதலின், அப்பட்டியலை எழுதுபவரின் அதிகாரமும் கடமையும் யாவை என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

சம்பளக் கணக்கரின் கண்முன் பலருடைய வாழ்க்கை விரிந்து கிடக்கிறது. யாருக்கு என்ன ஊதியம், யார் கடன் பட்டவர், எவ்வங்கியில் கணக்கு என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். இந்தப் பார்வை அவருக்குத் தரப்பட்டது வேலையின் பொருட்டே; வேடிக்கையின் பொருட்டன்று. அண்டை மேசைக்காரரின் சம்பளத்தை ஆவலால் எடுத்துப் பார்ப்பதும் வரம்பு மீறலே. ஆனால், தொழிலாளி தம் கணக்கைக் கேட்டால் மறைத்தலும் தவறு. ஊதியச் சீட்டு அவருக்கு உரியது.

இனி, எழுதும் அதிகாரத்தைக் காண்போம். புதுப்பெயர் சேர்ப்பவர், தொகையை ஒப்புபவர், பணம் வழங்குபவர் ஆகிய மூவரும் ஒருவரேயானால் என்ன நேரும்? ஆளில்லாப் பெயர் ஒன்று பட்டியலில் புகுந்து மாதந்தோறும் சம்பளம் வாங்கும், கேட்பார் இரார். பிரெஞ்சு அரசாங்கக் கணக்குமுறை இதனை நன்குணர்ந்தது. செலவுக்கு ஆணையிடுபவர் வேறு, பணத்தைக் கையாளுபவர் வேறு என்பதை 1862ஆம் ஆண்டின் ஆணை வற்புறுத்தியது. ஏடு போய்க் கணினி வந்த பின்னும் நெறி அதுவே. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்னும் பதிவு அழியாதிருத்தல் வேண்டும். கணக்கர் தம் சம்பளத்தைத் தாமே மாற்ற இயலாதிருத்தல் வேண்டும். அவர் பணி மாறிய அன்றே அந்த அனுமதி நீங்குதல் வேண்டும்.

அதிகாரத்தோடு காலக்கெடுவும் உண்டு. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் நாளுக்குள் வழங்க வேண்டுமென 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது. வருங்கால வைப்புநிதிக்கெனப் பிடிக்கப்படும் பங்கு, பொதுவாக நூற்றுக்குப் பன்னிரண்டு. பிடித்ததை 15ஆம் நாளுக்குள் செலுத்தாவிடின், அது தொழிலாளியின் முதுமைச் சோற்றில் கைவைப்பதாகும். சட்டம் இசையாத பிடித்தம் எதனையும், மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னார் என்பதற்காக எழுதலாகாது.

நண்பர்களே! உங்களுள் பலர் நாளை அந்த மேசையில் அமரக்கூடும். மற்றையோர் அங்கிருந்து வரும் சீட்டை நம்பி வாழ்வீர்கள். தம்மைப் பிறர் சரிபார்ப்பதை நேர்மையான கணக்கர் இழிவாகக் கருதமாட்டார். பழி தம்மேல் வாராமல் காப்பதும் அதுவே என்பதை அவர் அறிவார்.