டிராபிக்கில் கொதிக்கும் பழைய கார்: ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீங்க!

கத்திரி வெயில் நேரத்தில் சென்னை கத்திப்பாரா, கோயம்பேடு பக்கம் போனால், பானெட்டை திறந்து வைத்து ஆவி பறக்க ஓரம் கட்டி நிற்கும் பழைய கார் ஒன்றாவது கண்ணில் படும். ஓடும்போது ஒழுங்காக இருக்கும் வண்டி, நின்றால் மட்டும் கொதிப்பது ஏன்?

ஓடும் காரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை குளிர வைத்துவிடும். நின்றுவிட்டால் எல்லாம் பேன் கையில்தான். பழைய அம்பாசடரில் பேனை சுற்றுவது என்ஜின் பெல்ட். ஐடிலில் என்ஜின் மெதுவாக ஓடுவதால் பேனும் மந்தமாகத்தான் சுற்றும். நியூட்ரலில் போட்டு லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் காற்றும், தண்ணீர் ஓட்டமும் கூடும். மாருதி 800-ல் இருப்பது எலக்ட்ரிக் பேன். டெம்பரேச்சர் முள் ஏறியும் அது சுற்றவில்லையா? முதலில் பியூசை பாருங்க.

ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாக திறந்து விடலாம். உள்ளே இருப்பவர்கள் வெந்து போவார்கள்தான். ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும்.

முள் சிவப்பை தொட்டால் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியை திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுத்து, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, தடிமனான துணி போட்டு மெதுவாக திருக வேண்டும். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

போர் தண்ணீரும் எதிரிதான். அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். கூலன்ட்டுடன் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுவதே நல்லது.

ஆயில் மூடியின் உள்பக்கம் பால் டீ நிறத்தில் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கை கூப்பிட்டுவிடுங்கள்.