விளக்கம்: வர்த்தக ஒப்பந்தங்களை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு?

பெங்களூரு: வெளிநாட்டுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அமெரிக்காவிலோ, இத்தகைய ஒப்பந்தங்களை விரைவாக நிறைவேற்றிக்கொள்வதற்காக அரசு தனிச் சட்டமே கோருகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இரு நாடுகளின் அரசியல் சாசனங்களே.

அமெரிக்க நடைமுறை

அமெரிக்காவில் அயல்நாட்டு வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. அதிபர் பேசி முடித்த ஒப்பந்தத்தில் உறுப்பினர்கள் திருத்தம் கோரினால், பேச்சுவார்த்தை மீண்டும் தொடக்கத்துக்கே செல்லும். இதைத் தவிர்க்க உருவானதே 'வர்த்தக மேம்பாட்டு அதிகாரம்'. இதன்படி, ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம், திருத்த இயலாது. அதற்கு ஈடாக, பேச்சுவார்த்தையின் நோக்கங்களை நாடாளுமன்றமே வகுக்கும்.

2015-ல் ஒபாமா அரசு இச்சட்டத்தை முனைப்புடன் ஆதரித்தது. அவரது கட்சியினரே பலர் எதிர்த்த நிலையில், பிரதிநிதிகள் சபையில் 218-208 என்ற குறுகிய வித்தியாசத்தில் அது நிறைவேறியது. 2021 ஜூலை 1-ம் தேதி அந்த அதிகாரம் காலாவதியானது.

இந்திய நடைமுறை

இந்திய அரசியல் சாசனத்தின் 73-வது பிரிவும், மத்திய பட்டியலின் 14-வது இனமும் ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கின்றன. ஒப்பந்தத்தைச் செயல்படுத்தச் சட்டம் தேவைப்பட்டால், 253-வது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் அதை இயற்றலாம். உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு ஏற்ப 2005-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது இதற்கு உதாரணம்.

ஆனால் இறக்குமதி வரியைக் குறைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 25-வது பிரிவின்படி அறிவிக்கை வெளியிட்டாலே போதும். அந்த அறிவிக்கை பின்னர் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படும்.

குடிமக்களின் உரிமைகளைப் பாதிக்கும் அல்லது நாட்டின் சட்டத்தை மாற்றும் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே சட்டம் அவசியம் என்று 1969-ல் கட்ச் எல்லை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மாநிலங்களின் கவலை

மத்திய பட்டியலின் 14-வது இனம் ஒப்பந்தங்களைக் குறிக்கிறது. மாநிலப் பட்டியலின் 14-வது இனம் வேளாண்மை. முரண்பாடு எழுவது இங்குதான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது டெல்லி. விளைபொருள் விலை சரிந்தால் விவசாயிக்குப் பதில் சொல்ல வேண்டியது மாநில அரசு. 2009-ல் ஆசியான் ஒப்பந்தத்தைக் கேரளம் கடுமையாக எதிர்த்தது. 2019 நவம்பரில், பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்புக்கு இடையே, ஆர்சிஇபி ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியது.

மறுபுறம், 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம் இந்திய ஆயத்த ஆடைகளுக்கு வரியில்லா அனுமதிக்கு வழிவகுத்தது. திருப்பூர் போன்ற பின்னலாடை மையங்கள் எதிர்பார்த்திருந்த சலுகை இது. அந்த ஒப்பந்தத்தை ஆராய, 2010-ம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு 21 அமர்வு நாட்கள் உண்டு. இந்திய நாடாளுமன்றத்துக்கு அத்தகைய சட்டபூர்வ வாய்ப்பு இல்லை.

மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்களை வெகுவாகப் பாதிக்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முன் மாநிலங்களுக்கு இடையேயான கவுன்சிலுடன் ஆலோசிக்கலாம் என நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசியல் சாசன மறுஆய்வு ஆணையம் 2002-ல் பரிந்துரைத்தது. ஒப்பந்த அதிகாரத்தை நெறிப்படுத்தும் தனிச் சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை.