நிவாரணத்தின் வாசலில் நிற்கும் பட்டா

ஊரடங்கின் இரண்டாம் நாளான 2020 மார்ச் 26 அன்று, உழவர்களுக்குத் தலா ரூ.2,000 வழங்கப்படும் என ஒன்றிய அரசு அறிவித்தது. அது புதிய உதவி அன்று. பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுதோறும் தரப்படும் ரூ.6,000-இன் ஒரு தவணையே முன்கூட்டி வழங்கப்பட்டது.

அத்திட்டத்தின் அடிப்படைத் தகுதி, 2019 பிப்ரவரி 1 நிலவரப்படி நில ஆவணத்தில் பெயர் இருப்பதாகும். எனவே நாற்று நடும் கூலித் தொழிலாளருக்கும் வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் அதில் இடமில்லை.

விதியில் சாதியின் பெயர் இல்லை. விலக்கும் வேலையைப் பட்டா செய்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் வசமுள்ள சாகுபடிப் பரப்போ ஒன்பது விழுக்காட்டுக்கும் குறைவு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களிலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது.

2021இல் தமிழ்நாடு அரசு அரிசி குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ.4,000 வழங்கியபோது, எவரிடமும் பட்டா கேட்கப்படவில்லை. ஆகவே நிலமற்றோருக்கும் நிவாரணம் தருவது நிர்வாகத்தால் இயலாத செயலன்று.

குத்தகைச் சாகுபடியாளரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969 முதல் சட்டம் உண்டு. அப்பதிவைக் கிராமந்தோறும் நடத்த வேண்டும். வேளாண் தொழிலாளரையும் உழவர் நிவாரணத்தில் சேர்க்க வேண்டும். பஞ்சமி நிலங்களை மீட்க வேண்டும் என நாங்கள் கோருகிறோம். முதற்படியாக, உங்கள் வட்டத்தின் பஞ்சமி நிலப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள்.