பிறந்தது கடலிலா, தொட்டியிலா?

பெங்களூரிலிருந்து கடல் சுமார் 300 கிலோமீட்டர் தூரம். ஆனால் நகரின் சில வீடுகளில் வரவேற்பறையிலேயே கடல் இருக்கிறது, கண்ணாடித் தொட்டிக்குள். லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு கலந்த தண்ணீர். அதில் ஆரஞ்சு உடம்பும் வெள்ளைப் பட்டையுமாக ஒரு ஜோடி கோமாளி மீன். 2003-ல் வெளியான ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தின் நாயகன் இந்த இனம்தான்.

வாங்குபவர்கள் கேட்பது விலையை. கேட்க வேண்டியது பிறந்த இடத்தை.

காரணம் இருக்கிறது. சந்தைக்கு வரும் கடல் அலங்கார மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் பவளப் பாறைகளில் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா கடல்களில் சோடியம் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பது, சட்டம் தடுத்தும் முற்றிலும் ஒழியவில்லை. அந்த விஷம் பவளத்தையும் கொல்கிறது. தப்பி வரும் மீனுக்கு அடுத்த சோதனை சாப்பாடு. உயிருள்ள இரைக்குப் பழகிய மீன், குருணைத் தீவனத்தைத் தொடாமல் பட்டினி கிடந்தே சாகலாம்.

கோமாளி மீனுக்கு இந்தக் கஷ்டம் தேவையே இல்லை. அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. அதன் மையங்கள் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ளன. தாய் மீன் கல்லிலோ ஓட்டிலோ முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் காவல் காக்கும். ஒரு வாரத்தில் குஞ்சுகள். முதல் தீனி ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா.

எல்லா மீனும் இப்படிச் சமர்த்து இல்லை. பல வகைகள் நுண்ணிய முட்டைகளை நீரில் மிதக்கவிடும். அந்தக் குஞ்சுகளின் வாய்க்கு ஏற்ற தீனி கிடைப்பதே பெரும்பாடு. மஞ்சள் டாங் மீனை 2015-ல் ஹவாயிலும், நீல டாங்கை 2016-ல் ஃபுளோரிடாவிலும்தான் விஞ்ஞானிகள் முதன்முதலாகத் தொட்டியில் வளர்த்துக் காட்டினார்கள்.

அப்படியானால் மீன் பிடித்துப் பிழைப்பவர்களின் கதி? நியாயமான கேள்வி. லட்சத்தீவின் அகத்தித் தீவில் ஒரு பதில் கிடைக்கிறது. அங்கே தேசிய மீன் மரபு வளப் பணியகம், உள்ளூர்ப் பெண்களுக்கு அலங்கார இறால் வளர்ப்பில் பயிற்சி அளித்தது. பாறையைத் தொடாமலே வருமானம்.

அடுத்த முறை கடைக்குப் போனால், மீன் எந்தப் பண்ணையில் பிறந்தது என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே குருணை போடச் சொல்லுங்கள். பாய்ந்து வந்து தின்றால் நல்ல அறிகுறி; ஆனால் அதுவே அத்தாட்சி ஆகாது. கடைக்காரர் பண்ணையைச் சொல்ல முடியாமல் விழித்தால், கோமாளி மீனுக்காகக் கொஞ்ச நாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை. கடலுக்கு லாபம்.