புரொஜெக்டர் ஹெட்லைட் மாட்டப் போறீங்களா? வெளிச்சம் எந்தப் பக்கம் ஏறுதுன்னு முதல்ல பாருங்க

உங்கள் கார் பேஸ் வேரியன்ட். ஹாலஜன் விளக்கு. மழை ராத்திரியில் நெடுஞ்சாலையில் எதுவுமே சரியாகத் தெரிவதில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ டெல்லி கரோல் பாகிலோ விசாரித்தால், "புரொஜெக்டர் போட்டுடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். போடலாமா?

புரொஜெக்டர் என்றாலே அதிக வெளிச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் வேலை வெளிச்சத்தை வெட்டுவது. உள்ளே ஒரு கிண்ண வடிவக் கண்ணாடி ஒளியைக் குவிக்கும். நடுவில் ஒரு உலோகத் தகடு அதில் ஒரு பகுதியை மறைக்கும். முன்னால் இருக்கும் லென்ஸ் மிச்சத்தை ரோட்டில் வீசும். சுவரில் அடித்துப் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும்: கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எதிரே வருபவரின் கண் அந்த இருட்டில்தான் இருக்க வேண்டும். பழைய ஹாலஜன் கிண்ணத்துக்குள் வெறும் எல்இடி பல்பை மட்டும் மாட்டினால் கண் கூசுவதற்குக் காரணமும் இதுதான். அந்தக் கிண்ணம் ஹாலஜன் இழை இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. ஒளி புறப்படும் இடம் மாறினால் கோடு கலைந்துவிடும்.

இனிதான் முக்கியமான விஷயம். அந்தக் கோடு நேராக இருக்காது. ஒரு பக்கம் படி மாதிரி மேலே ஏறும். இந்தியாவில் நாம் இடது பக்கம் ஓட்டுவதால், படி இடப்பக்கம் ஏற வேண்டும். ஓரமாக நடப்பவரும், டெயில் லைட் இல்லாத டூவீலரும், பெயர்ப் பலகையும் அங்கேதான் இருக்கிறார்கள். சீனா, அமெரிக்கா, ஐரோப்பியக் கண்டம் எல்லாம் வலப்பக்கம் ஓட்டும் ஊர்கள். அந்தச் சந்தைக்குச் செய்த புரொஜெக்டரில் படி வலப்பக்கம் ஏறும். அதை இங்கே மாட்டினால் எதிர் வண்டிக்காரர் முகத்தில் நேராக அடிக்கும், உங்கள் இடது ஓரம் இருட்டாகவே கிடக்கும். காசு கொடுத்து நிலைமையை மோசமாக்கிக்கொள்வது என்றால் இதுதான். ஜப்பான், பிரிட்டன் சந்தைக்கானவை நமக்குப் பொருந்தும், அங்கும் இடப்பக்கம்தான்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், சுவரை நம்புங்கள். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே கோடு விழ வேண்டும். அதாவது 1 சதவீதச் சரிவு.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். கணக்குப் போடுவோம். விளக்கு 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 1 சதவீதச் சரிவில், 50 மீட்டர் தூரத்தில் கோடு 20 செ.மீ. உயரத்துக்கு இறங்கிவிடும். பொருத்தும்போது வெறும் 1 டிகிரி மேலே சாய்ந்தால் அதே இடத்தில் கோடு 107 செ.மீ.! ஹேட்ச்பேக் ஓட்டுபவரின் கண் மட்டம் கிட்டத்தட்ட அதுதான். ஹெட்லைட்டைச் சூடாக்கி, பசையை இளக்கி, பிரித்து, கையால் பொருத்தி ஒட்டுகிற வேலையில் 1 டிகிரி பிசகுவது ரொம்ப சுலபம். சரியாக ஒட்டாவிட்டால் முதல் மழையிலேயே உள்ளே பனி படரும், அது தனிக் கதை.

வெளிச்சத்தின் அளவும் கவனிக்க வேண்டியது. வழக்கமான எச்4 ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லூமென் தரும். 35 வாட் எச்ஐடி பல்பு 3,000-ஐத் தாண்டும். ஐ.நா.வின் வாகன விதிகள்படி 2,000 லூமெனுக்கு மேல் போனால், பின்சீட்டில் ஆள் ஏறினாலும் விளக்கைத் தானாகவே இறக்கும் வசதி வேண்டும். கடையில் மாட்டும் கிட்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

சட்டம்? "ஆர்.சி-யில ஹெட்லைட் விவரமே இல்லையே சார்" என்று சமாளிப்பார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத உதிரிபாக மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 106 இன்னும் நேரடியானது: 8 மீட்டர் முன்னால், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைகளில் ஆண்டுதோறும் மாலை 6 முதல் 9 மணி வரைதான் விபத்துகள் அதிகம், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. ஆனால் விதிமீறல் அட்டவணையில் அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் எல்லாம் உண்டு, கண் கூச வைத்ததற்கு ஒரு கட்டம்கூட இல்லை. எண்ணப்படாததால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது.

அதனால் செலவழிக்கும் முன் இருப்பதைச் சரிபாருங்கள். மஞ்சளடித்த ஹெட்லைட் முகப்பை பாலிஷ் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். அடுத்து மின்னழுத்தம்: ஹாலஜனுக்கு 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். பல்பு சாக்கெட்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், குறைந்தால் ரிலே வயரிங் போட்டுக்கொள்ளலாம். இதற்கும் மேல் வேண்டுமென்றால், உங்கள் மாடலின் டாப் வேரியன்டுக்குக் கம்பெனியே தரும் விளக்கு உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் படி இடப்பக்கம்தான் ஏறும்.